எத்தனை நாளைக்கு ஒரு வாட்டி?

கோவளம் தாண்டி மாமல்லபுரம் போகிற வழியில், கிழக்குக் கடற்கரைச் சாலையின் இரு பக்கமும் நர்சரிகள். அரளி, காகிதப்பூ, குட்டைத் தென்னை, சிமெண்ட் தொட்டிகள் என்று எல்லாம் வெயிலில் நிற்கும். நடுவே பச்சை நிழல்வலைக்குக் கீழே ஒரு மேசை மட்டும் தனியாக இருக்கும். அதில் வெள்ளையும் ஊதாவுமாக ஆர்க்கிட் செடிகள். அந்த மேசை முன்னால் நிற்கிறவர்கள் கேட்பது ஒரே கேள்விதான். "எத்தனை நாளைக்கு ஒரு வாட்டி தண்ணி ஊத்தணும்ணே?" பதிலும் மாறுவதில்லை. "வாரத்துக்கு ரெண்டு வாட்டி போதும்க்கா."

நானும் கேட்டவன்தான். ஓர் ஐப்பசியில் வெள்ளை ஃபலெனாப்சிஸ் ஒன்றை வாங்கி வந்து, சொன்னபடியே வாரம் இரண்டு முறை ஊற்றினேன். கார்த்திகை தீபத்துக்குள் குருத்து கையோடு வந்துவிட்டது. அடியில் பாசி நாரைப் பிழிந்தபோது, மூன்று நாளாக ஊற்றாத தொட்டியிலிருந்து ஒரு தம்ளர் தண்ணீர் வடிந்தது. வேர்கள் உள்ளே கூழாகக் கிடந்தன. விற்றவர் பொய் சொல்லவில்லை. அவருடைய வலைக்குக் கீழே, அவர் இடத்துக் காற்றில், சித்திரை மாதத்தில் அந்தக் கணக்கு சரியாகவே இருந்திருக்கும். கேள்விதான் தப்பு. இந்தக் கடற்கரையில் ஆர்க்கிட் வளர்க்கிறவர் தெரிந்துகொள்ள வேண்டியது எப்போது நனைப்பது என்பதை அல்ல. நனைத்தது எத்தனை மணி நேரத்தில் உலர்கிறது என்பதை.

காரணம் வேரில் இருக்கிறது. வீட்டில் நாம் வளர்க்கிற ஆர்க்கிட்டுகளில் பெரும்பாலானவை மண்ணில் பிறந்தவை அல்ல. மரக்கிளையின் மேல் ஒட்டிக்கொண்டு, வேரைக் காற்றில் தொங்கவிட்டு வாழ்பவை. அந்த வேரின் மேல் வெலமன் என்றொரு உறை உண்டு. செத்த செல்களால் ஆன, பஞ்சு போன்ற அடுக்கு. காய்ந்திருக்கும்போது அதற்குள் காற்று நிறைந்து வேர் வெள்ளிச் சாம்பல் நிறமாகத் தெரியும். நனைந்த நொடிகளில் தண்ணீரை உறிஞ்சி, உள்ளே இருக்கும் பச்சை வெளியே தெரியும். மழை எப்போது வரும் என்று தெரியாத கிளையில், வந்த தண்ணீரைச் சட்டென்று பிடித்துக்கொள்ளும் ஏற்பாடு இது. அதே வேர் மூச்சும் விட வேண்டும். நனைந்தபடியே நாள்கணக்கில் கிடந்தால் பஞ்சுக்குள் காற்று போக வழியில்லை. மூச்சு முட்டிச் செத்த வேரைத்தான் பூஞ்சை தின்கிறது. அழுகல் நோயால் செடி செத்தது என்கிறோம். பல வேளைகளில் செடி மூழ்கிச் செத்தது என்பதே சரி.

மரத்தின் மேல் வாழ்வதால் இதைப் புல்லுருவி என்று நினைப்பவர்கள் உண்டு. மாந்தோப்பில் கிளையோடு வெட்டி எறிவதைப் பார்த்திருக்கிறேன். புல்லுருவி மரத்தின் சாற்றை உறிஞ்சும். ஆர்க்கிட் மரத்திடம் கேட்பது உட்கார இடம் மட்டுமே. இந்தக் குழப்பம் பெயரிலேயே இருப்பது வேடிக்கை. வாண்டா என்கிற ஆர்க்கிட் பேரினத்தின் பெயர் வடமொழிச் சொல்லிலிருந்து வந்தது. மரத்தின் மேல் வளரும் செடிகளுக்கு, புல்லுருவி உட்பட, வழங்கிய சொல் அது. வில்லியம் ஜோன்ஸ் 1790-களில் அதை எழுத்தில் எடுத்தாண்டார். 1820-இல் ராபர்ட் பிரவுன் அதையே பேரினப் பெயராக நிலைநிறுத்தினார்.

இதற்கு முன்பே இந்தக் கரைக்கும் அந்தச் செடிக்கும் ஓர் உறவு எழுதப்பட்டுவிட்டது. 1776-இல் சென்னைக்கு வந்து கிழக்கிந்தியக் கம்பெனியில் மருத்துவராகச் சேர்ந்த வில்லியம் ராக்ஸ்பர்க், சோழமண்டலக் கரையின் செடிகளைச் சேகரித்து, இந்திய ஓவியர்களைக் கொண்டு வரையச் செய்தார். 'சோழமண்டலக் கரையின் தாவரங்கள்' என்ற அந்த நூலின் முதல் தொகுதி 1795-இல் லண்டனில் வந்தது. அதில் ஒரு மர ஆர்க்கிட்டும் இருக்கிறது. இன்று அதன் பெயர் வாண்டா டெசலேட்டா. இதழ்களில் பழுப்பும் மஞ்சள் பச்சையுமாகக் கட்டம் போட்டிருக்கும். டெசலேட்டா என்பதற்குக் கட்டமிட்டது என்றுதான் பொருள். நடு இதழில் நீலம் கலந்த ஊதா. மணமும் உண்டு. எந்த நர்சரி மேசையிலும் நான் பார்த்திராத இந்தச் செடி நம் சமவெளிப் பழைய மரங்களில், கரையோர உலர் பசுமைக் காடுகளின் மிச்சங்களில், யாரும் தண்ணீர் ஊற்றாமலே கத்திரியைத் தாண்டி வருகிறது.

தண்ணீர் ஊற்றிக் கொன்றவர்கள் நாம் மட்டுமல்ல என்பதில் சின்ன ஆறுதல். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் இங்கிலாந்துச் செல்வர்கள் வெப்ப நாடுகளிலிருந்து ஆயிரக்கணக்கில் ஆர்க்கிட்டுகளை வரவழைத்து, சன்னலடைத்த கண்ணாடிக் கொட்டகைகளில் நீராவியும் கரிச்சூடும் ஏற்றி வேகவைத்தார்கள். வெப்ப நாட்டுச் செடி என்றால் புழுக்கம்தான் வேண்டும் என்று அன்றைய அறிஞர்களே நம்பினார்கள். சாட்ஸ்வொர்த் மாளிகையின் தோட்டத் தலைவர் ஜோசப் பாக்ஸ்டன்தான் 1830-களில் கொட்டகையைத் திறந்து காற்றோட்டம் விட்டார். எந்தச் செடி எந்த மலையிலிருந்து வந்தது என்று பார்த்து, சூட்டையும் பிரித்துக் கொடுத்தார். அவர் அனுப்பிய ஜான் கிப்சன் 1835-இல் இந்தியா வந்து, வடகிழக்கின் காசி மலைகளில் சேகரித்துக்கொண்டு 1837-இல் திரும்பினார். செடிகள் பிழைத்தன. சன்னலை மூடிய பால்கனிகளில் நாம் இன்றைக்கும் பாக்ஸ்டனுக்கு முந்தைய காலத்தில்தான் இருக்கிறோம்.

இனி நம் காற்று. செங்கல்பட்டும் மாமல்லபுரமும் சாலைவழி முப்பது கிலோமீட்டர் தொலைவுதான். ஆர்க்கிட் வேருக்கு அவை இரண்டு ஊர்கள். வைகாசியில் மாமல்லபுரத்துக்குக் கடற்காற்று உச்சிவேளைக்கு முன்பே வந்துவிடும். ஈரம் சுமந்த காற்று, ஆனால் வேகமானது. வேர் நனைந்த சுருக்கிலேயே காய்ந்தும் விடும். கொளவாய் ஏரிக்கரையைத் தாண்டி நகருக்குள் அதே காற்று வந்து சேர நேரமாகும். அதுவரை மேற்கிலிருந்து வரும் வறண்ட காற்றில் ஈரப்பதம் கீழே போய்விடும். சிங்கப்பெருமாள் கோவில், மறைமலை நகர் அடுக்ககங்களில் மேற்குப் பார்த்த பால்கனி என்றால் கேட்கவே வேண்டாம், மதியம் மூன்று மணிக்குச் சுவரே அடுப்பாக இருக்கும். இவற்றுக்கெல்லாம் சேர்த்து வாரம் இரண்டு வாட்டி என்று ஒரே விடை சொல்வது எப்படி?

ஆண்டில் பாதிக்கு மேற்பட்ட மழையை ஐப்பசி முதல் மார்கழி வரையிலான வடகிழக்குப் பருவம் ஒன்றே கொட்டிவிடுகிறது. அந்த மாதங்களில் கூரைக்கு வெளியே தொங்கும் செடிக்குப் பூவாளியே வேண்டாம். கூரைக்குக் கீழே இருப்பதற்கும் கை நீளக்கூடாது. காற்றிலேயே ஈரம் நிற்கும். தை, மாசி இதமான காலம். பங்குனியிலிருந்து கணக்கு ஏறும். மே 4 வாக்கில் தொடங்கும் கத்திரியில், வேர் வெறுமனே தொங்கும் வாண்டாவுக்குக் காலையில் ஒரு தரமும் மூன்று மணிக்குள் இன்னொரு தரமும் வேண்டியிருக்கும். தொட்டியில் இருக்கும் டென்ட்ரோபியம் வகை ஆர்க்கிட்டுக்குக் காலையில் ஒரு தரம். ஃபலெனாப்சிசுக்கு, அது எதில் நடப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்து, இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தரம்.

ஊற்ற வேண்டுமா வேண்டாமா என்று தெரிந்துகொள்ளத் தொட்டியைக் கையில் தூக்கினாலே போதும். நனைத்து வடிந்ததும் ஒரு முறை தூக்கி எடையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பஞ்சுபோல இலேசாக ஆனதும் ஊற்றலாம். வேர் தெரிகிற தொட்டியானால் நிறமே சொல்லிவிடும். பச்சையாக இருக்கும்வரை பூவாளியைத் தொடவேண்டியதில்லை, வெள்ளியானதும் நனைக்கலாம். ஊற்றும்போது கஞ்சத்தனம் கூடாது. அடித்துளை வழியாக ஓடி வடிகிற அளவுக்கு ஊற்ற வேண்டும். இரண்டு கரண்டி ஊற்றிவிட்டு நகர்வது வேரை ஏமாற்றும் வேலை. எட்டு மணிக்குள் முடித்துவிட்டால் இலைக்கக்கத்தில் நின்ற தண்ணீர் பகலிலேயே காய்ந்துவிடும். ஃபலெனாப்சிசின் குருத்தில் தேங்கியதைக் காகிதத் துணியால் ஒற்றி எடுப்பது, கேட்க அதிகப்படியாகத் தோன்றினாலும், என் அனுபவத்தில் வீண் வேலை இல்லை.

எவ்வளவு தண்ணீர் என்பதைவிட எந்தத் தண்ணீர் என்பது இந்தக் கரையில் பெரிய கேள்வி. கடலோரத்தில் நல்ல தண்ணீர் என்ற சொல்லுக்குத் தனிப் பொருள் உண்டு. மணல்மேட்டில் ஆழமில்லாமல் தோண்டிய ஊற்றில் மழைநீர் உப்புநீருக்கு மேலே மிதந்து நிற்கும். போர் போட்டு ஆழத்திலிருந்து இழுத்தால் அந்த அடுக்கு மெலிந்து சவர் ஏறிவிடும். இந்திய தரநிலையின்படி குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு வழியில்லாத இடத்தில் 2000 வரை பொறுத்துக்கொள்ளலாம். மனிதனுக்கு அது சரி. ஆர்க்கிட் வளர்ப்பவர்கள் 200-ஐத் தாண்டினாலே முகம் சுளிக்கிறார்கள். மரக்கிளையில் மழையைத் தவிர வேறெதையும் குடித்தறியாத வேர் அது. உப்புத் தண்ணீர் ஒரு நாளில் கொல்வதில்லை. இலைநுனி கருகும், வேர்முனை பழுப்பாகி நின்றுவிடும், தொட்டி விளிம்பில் வெள்ளைப் பொருக்கு படியும். வீட்டுக்காரர் செடி வாடுகிறதே என்று இன்னும் கொஞ்சம் ஊற்றுவார்.

இந்த இடத்தில் நம் வீடுகளின் சிக்கனம் ஒரு பொறி வைக்கிறது. ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் தண்ணீரை வீணாக்க மனம் வராமல் செடிகளுக்கு ஊற்றுகிறோம். பாத்திரம் கழுவ, தரை துடைக்க அது நல்லது. வாழைக்கும் தென்னைக்கும்கூட ஊற்றலாம். ஆனால் வடிகட்டி ஒதுக்கிய உப்பெல்லாம் திரண்டு நிற்பது அதில்தான். ஆர்க்கிட்டுக்கு அது வேண்டவே வேண்டாம். மாறாக, ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீர் ஏறக்குறைய வடித்த நீர். ஈரக்காற்று உள்ள இந்தக் கரையில் ஓர் இரவில் பல லிட்டர் சேரும். உப்பே இல்லை என்பதால் அதை மட்டுமே கொடுத்தால் செடி பட்டினி கிடக்கும். உரத்தோடு சேர்த்துக் கொடுக்கலாம்.

எல்லாவற்றுக்கும் மேல் மழைநீர். மழைநீர் சேகரிப்பைத் தமிழ்நாடு 2003-இல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கியது. பெரும்பாலான வீடுகளில் அது நிலத்துக்குள் போகிறது, அது அவசியமும்கூட. அதில் ஓரிரு டிரம் மட்டும் செடிக்காகப் பிடித்து வைக்கலாம். கணக்குப் போட்டால் ஆச்சரியமாக இருக்கும். பத்துத் தொட்டிக்கு நாளொன்றுக்குத் தொட்டிக்குக் கால் லிட்டர் என்றால் இரண்டரை லிட்டர். 200 லிட்டர் டிரம் எண்பது நாள் வரும். மார்கழி முடிவில் இரண்டு டிரம் நிரம்பியிருந்தால் கத்திரி கடந்துவிடும். முதல் மழையை, கூரை அழுக்கு போகும்வரை, வெளியே விட்டுவிட வேண்டும். டிரம்மின் வாயைத் துணிகட்டி இறுக மூட வேண்டும். இல்லாவிட்டால் ஆர்க்கிட்டுக்கு முன் ஏடிஸ் கொசு வளரும். நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2013-இலும், பக்கத்திலேயே நாளொன்றுக்கு 15 கோடி லிட்டர் தரும் இரண்டாவது ஆலை 2024-இலும் திறக்கப்பட்டன. அங்கிருந்து குழாய் போவது தென்சென்னைப் பக்கம். ஆலை நிற்கும் கரையில் பூவாளியோடு நிற்கிறவர் வானத்தைப் பார்ப்பதே நிச்சயமான வழி.

தண்ணீர் கொடுக்கும் முறைகளைப் பற்றி ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். ஐஸ் கட்டி வைக்கும் வழக்கம் அமெரிக்காவிலிருந்து வந்தது. வாரம் மூன்று கட்டி. இதைக் கேட்டுச் சிரித்தவர்களில் நானும் ஒருவன். ஆனால் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழக, ஜார்ஜியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்து 2017-இல் வெளியிட்ட முடிவு, மரப்பட்டையில் நட்ட ஃபலெனாப்சிசுக்கு அதனால் கெடுதல் இல்லை, பூ நிற்கும் நாளும் குறையவில்லை என்பதுதான். சரி, அங்கே அது அளந்து ஊற்ற ஒரு எளிய வழி. நமக்கு அந்த அளவு வைகாசியில் தொண்டையைக்கூட நனைக்காது, ஐப்பசியில் அதுவும் அதிகம். வாளியில் பத்து நிமிடம் முக்கி எடுப்பது வாண்டாவுக்கு நல்லது. ஆனால் ஒரே வாளியில் எல்லாச் செடியையும் முக்கினால் ஒன்றின் நோய் எல்லாவற்றுக்கும் போகும். நாள் முழுக்கத் தெளிப்பானால் இலைமேல் புகைபோல நீர் அடிப்பது செடியைவிட நமக்குத்தான் மனநிறைவு தரும். தட்டில் கூழாங்கல் போட்டுத் தண்ணீர் தேக்கி ஈரப்பதம் கூட்டுவது நம் கரையில் தேவையில்லாத வேலை. கொசு ஒழிப்புக்கு வருகிற நகராட்சி ஊழியருக்குப் பதில் சொல்லவும் நேரும். அரிசி களைந்த தண்ணீர் முருங்கைக்கும் கறிவேப்பிலைக்கும் போகட்டும். வேர்ப்பஞ்சில் மாவு ஒட்டினால் எறும்பும் பூஞ்சையும் வரும்.

தண்ணீர்க் கணக்கைத் தீர்மானிப்பது பாதி, வேர் உட்கார்ந்திருக்கும் பொருள். பல ஃபலெனாப்சிஸ் செடிகள் குளிர் நாட்டுப் பாசி நாரில் இறுக்கி அடைக்கப்பட்டு வருகின்றன. நெடும்பயணத்தில் காயாமல் இருக்கத்தான் அது. பூ முடிந்ததும், மழைக்கு முன்பே, அதை உரித்தெடுத்துவிட வேண்டும். அடுப்புக்கரி, செங்கல் துண்டு, உடைந்த ஓடு, இவையே நம் வெயிலுக்கும் மழைக்கும் ஏற்றவை. தேங்காய் மட்டைத் துண்டு கையருகே கிடைப்பது, ஈரமும் பிடிக்கும். ஆனால் மட்டையிலேயே உப்பு உண்டு. இரண்டு மூன்று நாள் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றிக் கொட்டி, நிறம் வடிவது நின்ற பிறகுதான் பயன்படுத்த வேண்டும். சுற்றிலும் துளையிட்ட மண்சட்டி இருந்தால் நல்லது. மண் மட்டும் ஒரு கைப்பிடிகூட வேண்டாம். வாண்டாவுக்குச் சட்டியே வேண்டாம். கம்பியில் தொங்கவிட்டால் போதும்.

எந்தச் செடியை வாங்குவது என்ற கேள்விக்கு என் பதிலில் கொஞ்சம் பாரபட்சம் உண்டு. ஃபலெனாப்சிஸ் விருந்தாளி. அது பூத்தண்டு விடப் பல வாரங்களுக்கு இருபத்தாறு டிகிரிக்குக் கீழான தணிவு வேண்டும். இருபத்தெட்டுக்கு மேல் இலை விட்டுக்கொண்டே இருக்கும். மாமல்லபுரத்தில் மார்கழி இரவுகள் தணியும், பகல்கள் அவ்வளவு தணிவதில்லை. ஆகவே மறு பூவுக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருந்து மனம் நோவதைவிட, இரண்டு மூன்று மாதம் நிற்கும் பூங்கொத்தாக அதை வாங்கி மகிழ்வது நேர்மை. டென்ட்ரோபியம் அப்படியல்ல, வீட்டு மனுஷி. கடற்கரை விடுதிக் கல்யாண மேடைகளில் சரம்சரமாகத் தொங்கும் ஊதாவும் வெள்ளையுமான பூ பெரும்பாலும் அந்த இனத்தின் சோனியா என்ற கலப்பு. பாதி நிழல் தரும் வலையும் காலைத் தண்ணீரும் கிடைத்தால் நம் வெக்கையிலேயே ஆண்டில் பல முறை தண்டு விடும். சிங்கப்பூர்த் தமிழர் வீட்டு வாசல்களில் நிற்கும் மிஸ் ஜோக்கிம் என்ற ஆர்க்கிட் இன்னும் துணிச்சல்காரி. ஆக்னஸ் ஜோக்கிமின் தோட்டத்திலிருந்து 1893-இல் உலகுக்கு அறிமுகமாகி, 1981-இல் அந்நாட்டின் தேசிய மலரானது. அது கேட்பது முழு வெயிலும் ஏறிப் படர ஒரு கம்பும்.

ஒரு காலத்தில் ஜமீன்களின் பகட்டாக இருந்த செடி இன்று சில நூறு ரூபாய்க்கு எப்படி வந்தது? ஆர்க்கிட் விதை தூசு போன்றது, உள்ளே உணவுச் சேமிப்பு கிடையாது; ஒரு பூஞ்சை துணைக்கு வந்தால்தான் முளைக்கும் என்று 1899-இல் பிரான்சின் நோயல் பெர்னார் கண்டார். பூஞ்சைக்குப் பதில் சர்க்கரைக் கூழ் போதும் என்று 1922-இல் அமெரிக்காவின் லூயிஸ் நட்சன் காட்டினார். 1960-இல் ஜார்ஜ் மொரெல் குருத்துத் திசுவிலிருந்தே செடிகளைப் பெருக்கும் வழியைத் திறந்தார். அந்தக் கண்ணாடிக் குடுவைகளிலிருந்துதான் நம் நர்சரி மேசை நிரம்புகிறது.

உரத்தைப் பற்றி ஒரு வரி போதும். கடையில் கிடைக்கும் 19:19:19-இல் லிட்டருக்கு அரை கிராம், வாரம் ஒரு தரம், ஏற்கெனவே நனைந்த வேருக்கு. மாதத்தில் ஒரு நாள் வெறும் மழைநீரால் சட்டியை நன்றாக அலசிவிடுவது.

மழைக்காலம்தான் பரீட்சை. ஐந்து நாள் அடைமழையில் இலையில் நீர்கோத்த புள்ளி தோன்றி, ஒரே நாளில் உள்ளங்கை அளவு பரவி, நாற்றமடித்தால் அது பாக்டீரியா அழுகல். தீயில் காட்டிய கத்தியால் நல்ல பச்சைவரை வெட்டிவிட்டு, வெட்டுவாயில் லவங்கப்பட்டைத் தூள் தடவலாம். வேரில் படக்கூடாது, அது வேரையும் உலர்த்திவிடும். மருந்தைவிட ஒரு சின்ன மேசை விசிறி அதிகம் காப்பாற்றும். இரவெல்லாம் மெல்லச் சுற்றினால் போதும். ஃபலெனாப்சிஸ், வாண்டா, தடித்த இலை டென்ட்ரோபியம் எல்லாம் இரவில்தான் இலைத்துளை திறந்து காற்றை உள்ளே வாங்குகின்றன. ராத்திரியில் தேங்கிய ஈரம் அவற்றுக்கு இரட்டைக் கெடுதல். நத்தையும் இந்த மாதங்களில்தான் வரும். டார்ச் அடித்துப் பொறுக்க வேண்டியதுதான்.

புயல் வரும் என்றால் தொங்குகிற எல்லாவற்றையும் இறக்கித் தரையில் வைக்க வேண்டும். 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தை ஒட்டித்தான் கரையைக் கடந்தது. அப்படிப்பட்ட இரவுக்குப் பிறகு உடைந்த தண்டுகள்தான் முதலில் கண்ணில் படும். கவனிக்க வேண்டியது இலைமேல் படிந்த உப்பை. கடல்நீர்த் துளியைக் காற்று வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்து சேர்த்திருக்கும். மறுநாள் காலையிலேயே நல்ல தண்ணீரால் இலை, வேர் எல்லாவற்றையும் கழுவிவிட வேண்டும். மழை கொட்டிய மறுநாள் பூவாளி எடுப்பது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். ஆண்டில் அந்த ஒரு நாள் மட்டும் அது சரி.

ராக்ஸ்பர்க்கின் வாண்டாவை வீட்டுக்குக் கொண்டுவர ஆசைப்படுகிறவர்கள் உண்டு, எனக்கும் அந்த ஆசை இருந்தது. காட்டு மரத்திலிருந்து பெயர்ப்பது வனச் சட்டப்படி குற்றம். ஆர்க்கிட் குடும்பம் முழுவதுமே அழிவாபத்து உயிரின வணிகத்துக்கான பன்னாட்டு உடன்படிக்கையின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. தென்னிந்திய இனங்களைப் பார்க்க விரும்புகிறவர்கள் ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தேசிய ஆர்க்கிட் தோட்டத்துக்குப் போகலாம். இங்கேயே பார்க்க வேண்டுமானால், கோடையில் பழைய மாந்தோப்புகளில் நிமிர்ந்து பார்த்து நடக்க வேண்டும். நான் பார்த்த ஒன்று, திருக்கழுக்குன்றத்துக்கு அந்தப் பக்கம், கிணற்றடி மரத்தில் கைக்கு எட்டாத கிளையில் இருந்தது. இலைகள் தோல்போலச் சுருங்கி, வேரெல்லாம் சாம்பல் வெள்ளையாகக் காய்ந்து, ஒரு தண்டில் ஐந்து பூ. தோப்புக்காரரிடம் கேட்டேன். அதுக்கெல்லாம் யாரு தண்ணி ஊத்துவாங்க என்றார்.